வளாகப் பேருந்தும் ஹைட்ரஜன் கணக்கும்

2007 ஏப்ரலில், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலுள்ள நியூவார்க் நகரில் 22 அடி நீளமுள்ள ஒரு சிறிய பேருந்து ஓடத் தொடங்கியது. டெலவேர் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி மாணவர்களை ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. அதில் டீசல் எஞ்சின் இல்லை. கூரையில் ஹைட்ரஜன் உருளைகளும் உள்ளே ஓர் எரிபொருள் மின்கல அடுக்கும் கணிசமான பேட்டரிகளும் இருந்தன. சக்கரங்களைச் சுழற்றியது மின்மோட்டார். பின்புறக் குழாயிலிருந்து புகைக்குப் பதிலாக ஈரக்காற்று வந்தது.

இயந்திரப் பொறியியல் பேராசிரியர் அஜய் பிரசாத் தலைமையில், அமெரிக்க மத்திய அரசின் பொதுப் போக்குவரத்துத் துறை நிதியுதவியோடு 2005இல் தொடங்கிய திட்டம் அது. 2009இல் இரண்டாவது பேருந்தும் சேர்ந்தது. இரண்டு பேருந்துகளால் உலகத்தின் காற்று சுத்தமாகிவிடாது என்பது திட்டக்குழுவுக்குத் தெரியும். ஆய்வகத்து மேசையில் அளந்து பார்க்க முடியாத சிலவற்றைத் தெருவில் அளந்து பார்ப்பதே அவர்களுடைய நோக்கம்.

அதற்குப்பின் வேறு வளாகங்களிலும் ஹைட்ரஜன் பேருந்துகள் வந்தன. கலிபோர்னியாவின் அர்வைனில் ஒன்று ஓடியது. இல்லினாய் மாநிலத்து ஷாம்பேன்-அர்பானாவில் இப்போது ஓடுகின்றன. மூன்று ஊர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் பேருந்தைச் செய்வது ஓரளவு கைவந்த பகுதி. அதற்குள் நிரப்பப்படும் ஹைட்ரஜன் எங்கே, எதிலிருந்து, எந்த மின்சாரத்தில் உருவாகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் பேருந்துக்குள்ளிருந்து தொடங்கி, பம்பு வழியாக, அந்தக் கேள்வியை நோக்கிப் போகிறது.

ஏன் பல்கலைக்கழகம்?

புதிய எரிபொருள் எதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பம்பு இல்லாததால் வண்டி வாங்க ஆள் வருவதில்லை. வண்டி இல்லாததால் பம்பு போட யாரும் முதல் போடுவதில்லை. ஹைட்ரஜன் கார்கள் இந்த முடிச்சில்தான் பல ஆண்டுகளாகச் சிக்கியிருக்கின்றன. வளாகப் பேருந்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. தினமும் ஒரே தடம், ஒரே நேர அட்டவணை, இரவானால் ஒரே பணிமனை. ஒரு பம்பு இருந்தால் போதும், ஒரு சேவை முழுவதையும் நடத்திவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. வளாகத் தடம் மெதுவானது, நிறுத்தங்கள் நெருக்கமானவை. நூறு மீட்டருக்கொரு பாதசாரிக் கடப்பு, இருநூறு மீட்டருக்கொரு நிறுத்தம் என்று ஓடும் டீசல் எஞ்சின் பெரும்பாலான நேரம் தன் திறனில் மிகக் குறைந்த நிலையிலேயே இயங்கும். நின்றபடியே டீசலை எரிக்கும். அந்தப் புகையும் விடுதி வாசலிலும் வகுப்பறைச் சன்னலோரத்திலும்தான் படியும். மின்மோட்டாருக்கு இந்தத் தடம் மிகப் பொருத்தம். நிற்கும்போது அது மின்சாரம் எடுப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்.

இவற்றோடு, வண்டியில் ஏறுபவர், அதைப் பழுதுபார்ப்பவர், அதன் தரவுகளை அலசுபவர் மூவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். காலையில் ஓட்டுநர் சொல்லும் ஒரு குறையை மாலையில் ஆய்வு மாணவர் வரைபடத்தில் தேடிப் பார்க்க முடியும். நகரப் போக்குவரத்துக் கழகம் எதற்கும் கிடைக்காத வசதி இது.

கலத்துக்குள் நடப்பது

எரிபொருள் மின்கலம் புதிய கண்டுபிடிப்பல்ல. நீருக்குள் மின்சாரம் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அப்படியானால் அவ்விரண்டையும் சேர்த்தால் மின்சாரம் கிடைக்க வேண்டுமே என்ற எண்ணத்தை 1839இல் வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர் சோதித்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியது பிளாட்டினத் தகடுகளையும் நீர்த்த கந்தக அமிலத்தையும். இன்றைய பேருந்துக் கலத்திலும் பிளாட்டினம் இருக்கிறது. அமிலத்தின் இடத்தை மட்டும் ஒரு மெல்லிய சவ்வு பிடித்துக்கொண்டது.

அந்தச் சவ்வைக் கையில் எடுத்தால் சமையலறை பிளாஸ்டிக் உறையளவுதான் தெரியும். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இரு பக்கமும் கரியைப்போல் கறுப்பாக ஒரு பூச்சு. அது கார்பன் துகள்களின்மேல் ஒட்டியிருக்கும் பிளாட்டினம். துகள் ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் அளவு. பூச்சுக்கு மேலே வாயு ஊடுருவிச் செல்லும் கார்பன் தாள். இவ்வளவுதான் ஒரு கலம்.

ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன் வருகிறது. பிளாட்டினம் அதன் மூலக்கூறைப் பிளந்து, புரோட்டானையும் எலெக்ட்ரானையும் தனித்தனியாக்குகிறது. சவ்வு புரோட்டானை மட்டுமே தன் வழியே விடும். எலெக்ட்ரானுக்கு அந்த வழி அடைப்பு. அது வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போயாக வேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் மோட்டார் இருக்கிறது. மறுபக்கத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு புரோட்டானும் எலெக்ட்ரானும் மீண்டும் சேர்ந்து நீராகின்றன. எங்கும் தீ இல்லை. வெப்பநிலை 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரைதான். ஒரு கிலோ ஹைட்ரஜன் முழுதும் வினைபுரிந்தால் 9 கிலோ நீர் உண்டாகும்.

சவ்வின் வேதியியலுக்கும் டெலவேருக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்த வகைச் சவ்வுகளின் முன்னோடியான நாஃபியானை 1960களில் உருவாக்கியவர் டூபான்ட் நிறுவனத்தின் வால்தர் குரோட். டூபான்டின் தலைமையகம் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள வில்மிங்டனில் இருக்கிறது. டெஃப்லான் போன்ற ஒரு முதுகெலும்பில் சல்ஃபோனிக் அமிலக் கிளைகளைத் தொங்கவிட்டதுதான் நாஃபியான். நீரில் நனைந்திருக்கும்போது அந்தக் கிளைகள் புரோட்டானைக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்க்கின்றன. டெஃப்லானை இழுத்து நுண்துளைகள் கொண்ட வலைபோலாக்கும் முறையை 1969இல் கண்டறிந்த பாப் கோர், டெலவேர் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய குடும்ப நிறுவனம் நியூவார்க்கிலேயே இருக்கிறது. அந்த வலையை உள்ளே வைத்து வலுப்படுத்திய சவ்வுகளே பல ஹைட்ரஜன் வாகனங்களில் இன்று பயன்படுகின்றன. வலுவூட்டியதால் சவ்வை இன்னும் மெல்லியதாக்க முடிந்தது. மெல்லியதானால் புரோட்டான் கடக்க வேண்டிய தூரம் குறையும், மின்இழப்பும் குறையும்.

கோட்பாட்டின்படி ஒரு கலம் 1.23 வோல்ட் தர வேண்டும். சுமை ஏறும்போது கிடைப்பது 0.6 முதல் 0.7 வோல்ட்தான். மீதி வெப்பமாகிப் போகிறது. டார்ச் விளக்கின் ஒரு செல் தருவதில் பாதிகூட இல்லாத இந்த மின்னழுத்தத்தை வைத்துப் பேருந்தை நகர்த்த முடியாது. அதனால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக் கட்டி ஓர் அடுக்காக்குகிறார்கள். எல்லாக் கலங்களும் தொடரிணைப்பில் இருப்பதால் அவை அனைத்திலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்ந்தாக வேண்டும். ஒரே ஒரு கலத்தில் நீர் தேங்கி வாயு போகாமல் அடைத்துக்கொண்டாலும் முழு அடுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்தக் கலம் கருகிவிடும். பேருந்தில் ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் விடாமல் கவனித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

சிறிய கலமும் பெரிய பேட்டரியும்

டெலவேரின் முதல் பேருந்தில் இருந்த பல்லார்டு நிறுவன அடுக்கின் திறன் சுமார் 20 கிலோவாட். ஒரு நடுத்தரக் காரின் எஞ்சின் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு திறன் கொண்டது. அவ்வளவு சிறிய கலத்தை நம்பி ஒரு பேருந்தை எப்படி ஓட்டுவது?

வீட்டுக் கிணற்று மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டியையும் எண்ணிப் பாருங்கள். காலையில் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் திறக்கும். அந்த வேகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மோட்டாரால் முடியாது; தொட்டியால் முடியும். மோட்டார் தன் போக்கில் நிதானமாக இறைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் போதும். பேருந்தில் அந்த மோட்டாரின் வேலையை எரிபொருள் மின்கலமும் தொட்டியின் வேலையை பேட்டரியும் செய்கின்றன. நிறுத்தத்திலிருந்து கிளம்பும் சில விநாடிகளுக்குத் தேவைப்படும் பெரிய திறனை பேட்டரி தருகிறது. நாள் முழுவதுக்குமான சராசரித் தேவையைக் கலம் ஈடுசெய்கிறது. வளாகத் தடத்தில் இந்தச் சராசரி மிகக் குறைவு என்பதால் கலமும் சிறியதாக இருக்கலாம்.

இது செலவை மட்டும் குறைக்கும் ஏற்பாடல்ல. கலத்தின் ஆயுளும் இதில்தான் அடங்கியிருக்கிறது. திறன் திடீரென்று ஏறி இறங்கும்போது சவ்வின் ஈரப்பதமும் ஏறி இறங்குகிறது. நனைந்தால் சவ்வு உப்பும்; காய்ந்தால் சுருங்கும். விளிம்பில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட மெல்லிய சவ்வு ஆயிரக்கணக்கான முறை உப்பிச் சுருங்கினால் எங்காவது ஒரு நுண்துளை விழும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பிளாட்டினத் துகள்களும் சிறிது சிறிதாகக் கரைந்து, வேறிடத்தில் படிந்து பெரிதாகின்றன. துகள் பெரிதானால் மொத்தப் பரப்பு குறையும், வினை மந்தமாகும்.

எல்லாவற்றிலும் கெடுதலானது வண்டியை அணைத்து, மீண்டும் கிளப்பும் தருணம். நின்றிருக்கும் கலத்தின் ஹைட்ரஜன் பக்கத்தில் காற்று புகுந்துவிடுகிறது. மறுபடி ஹைட்ரஜனைச் செலுத்தும்போது ஒரே வாய்க்காலில் முன்பாதியில் ஹைட்ரஜனும் பின்பாதியில் காற்றும் சில கணங்கள் சேர்ந்திருக்கும். அந்தக் கணங்களில் எதிர்ப்பக்க மின்னழுத்தம் இயல்பைவிட வெகுவாக உயர்ந்து, பிளாட்டினத்தைத் தாங்கி நிற்கும் கார்பனே அரிக்கப்படுகிறது. இதைத் தவிர்க்க, அணைத்துக் கிளப்பும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அடுக்குக்குள் வாயுவை மாற்றும் வேகத்தைக் கூட்ட வேண்டும். மதிய இடைவேளையில் பேருந்து நிற்கும்போது கலத்தை அணைப்பதா, குறைந்த திறனில் ஓடவிடுவதா என்பது இப்படியொரு வேதியியல் முடிவாகிறது. கால அட்டவணை போடுபவரும் மின்வேதியியலாளரும் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது. அப்படிப் பேசுவதற்கு ஒரு வளாகத்தைவிட நல்ல இடம் கிடையாது.

பம்பும் பணிமனையும்

எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனை மிஞ்சிய எரிபொருள் இல்லை. ஒரு கிலோவில் 33 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. டீசலைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இடத்தைக் கணக்கிட்டால் நிலைமை தலைகீழ். 350 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 350 மடங்கில் அடைத்தாலும், ஒரு லிட்டர் இடத்தில் 24 கிராம் ஹைட்ரஜன்தான் பிடிக்கும். ஒரு கிலோவுக்கு 40 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். காரில் இது பெரிய தொல்லை. பேருந்துக்குக் கூரை இருக்கிறது. கார்பன் இழை சுற்றிய உருளைகளைக் கூரைமேல் வரிசையாகப் படுக்கவைத்தால், பயணிகளின் இடமும் குறையாது. கசிவு ஏற்பட்டாலும் வாயு நேராக மேலே போய்விடும்.

மேலே போவது என்பது இங்கே முக்கியமான சொல். ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு இலேசானது. டீசல் சிந்தினால் தரையில் தேங்கும். அதனால் பழைய பணிமனைகளின் பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் தரையைப் பார்த்தே அமைந்திருக்கும். ஹைட்ரஜன் பேருந்து வந்தால் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும். உத்தரங்களுக்கிடையில் வாயு தேங்கும் பொந்துகள் இருக்கக் கூடாது. உச்சியில் காற்றுப்போக்கிகள் வேண்டும். அவற்றுக்கருகில் கசிவை உணரும் கருவிகள் வேண்டும். கூரையிலுள்ள விளக்குகளும் மின்விசிறிகளும் பொறி தெறிக்காத வகையாக இருக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. காற்றில் 4 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஹைட்ரஜன் தீப்பற்றும். அதற்குப் பெரிய பொறி தேவையில்லை. ஆடை உரசும்போது தெறிக்கும் மின்துளியே போதும். நிறமோ மணமோ இல்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது. சமையல் எரிவாயுவில் சேர்ப்பதுபோல் மணமூட்டியையும் சேர்க்க முடியாது. அந்தக் கந்தகச் சேர்மம் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான். வாகனங்களுக்கான ஹைட்ரஜனில் அது பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகத் தரநிலை. அதனால் மூக்கை நம்பும் பாதுகாப்பு இங்கே இல்லை. கருவியையும் பழக்கத்தையும் நம்பித்தான் பணியாளர் வேலை செய்ய வேண்டும். ஒரு வளாகம் ஹைட்ரஜன் பேருந்தைக் கொண்டுவர முடிவெடுத்தால், முதல் பயிற்சி இந்தப் பணியாளர்களுக்கும் ஊர்த் தீயணைப்புப் படைக்கும்தான்.

ஹைட்ரஜன் நிரப்புவது எளிது. குழாயைப் பொருத்திப் பூட்டினால் சில நிமிடங்களில் உருளைகள் நிரம்பும். நிரப்பும்போது அடைபடும் வாயு சூடாகிறது. உருளையின் உள்வெப்பம் 85 டிகிரியைத் தாண்டாமல் பம்பின் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. மின்பேருந்தின் பேட்டரி மணிக்கணக்கில் மின்னேற்றத்தில் நிற்க வேண்டியிருக்க, இது பத்து இருபது நிமிடங்களில் தயார். ஹைட்ரஜனின் உண்மையான பலம் இதுவே. ஆனால் இந்தப் பலத்துக்குக் கொடுக்கும் விலை பம்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

கனடாவின் விஸ்லர் நகரம் 2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டியை ஒட்டி 20 ஹைட்ரஜன் பேருந்துகளை ஓட்டியது. அன்றைக்கு உலகிலேயே பெரிய அணி அது. பேருந்துகள் மலைச்சாலையிலும் பனியிலும் மக்களை ஏற்றிச் சென்றன. அவற்றுக்கான ஹைட்ரஜன் நாட்டின் மறுகோடியிலிருக்கும் கியூபெக் மாகாணத்திலிருந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து டீசல் லாரிகளில் வந்தது. 2014இல் திட்டம் முடிவுக்கு வந்தது. பேருந்து மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

உலகில் இன்று ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் ஹைட்ரஜன் உற்பத்தியாகிறது. அதில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் கொண்டு தயாரிக்கப்படுவது. கரியுமிழ்வு குறைந்த வழிகளில் கிடைப்பது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், 9 முதல் 10 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

இதைப் பேருந்துக் கணக்காக்கிப் பார்க்கலாம். அமெரிக்கச் சாலையில் 40 அடி ஹைட்ரஜன் பேருந்து 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 கிலோ ஹைட்ரஜன் எடுக்கும். எரிவாயுவிலிருந்து தயாரித்ததென்றால் அதன் பின்னால் 90 முதல் 100 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அதே அளவு டீசல் பேருந்து நகரத்தில் லிட்டருக்கு 1.7 கிலோமீட்டர் அளவே கொடுக்கும். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 160 கிலோ கார்பன் டை ஆக்சைடு. குறைந்திருப்பது உண்மை. ஆனால் பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்படும் ‘பூஜ்ய உமிழ்வு’ என்ற வாசகம் வளாகத்துக்குள் மட்டுமே உண்மை. தயாரிப்பு ஆலை இருக்கும் ஊர்க்காற்றில் அது உண்மையில்லை.

சூரிய ஒளி மின்சாரத்தால் நீரைப் பிரித்தெடுத்தால்? அப்போது கரியுமிழ்வு பெரும்பாலும் நீங்குகிறது. ஆனால் வேறொரு கணக்கு வருகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 கிலோவாட்-மணி மின்சாரம் வேண்டும். அதில் 33 மட்டுமே ஹைட்ரஜனில் தங்குகிறது. அழுத்தி அடைப்பதில் இன்னும் கொஞ்சம் போகும். பேருந்துக் கலம் மீதியில் பாதியையே மின்சாரமாக்கும். கடைசியில், நூறு அலகு மின்சாரத்தில் சக்கரத்தைச் சேர்வது 25 முதல் 30 அலகு. அதே நூறு அலகை நேரே பேட்டரியில் ஏற்றி ஓட்டினால் 70 அலகுக்கு மேல் சேரும். ஒரே தூரத்தை ஓட்ட ஹைட்ரஜன் பேருந்துக்கு இரண்டரை மடங்கு சூரியத் தகடுகள் வேண்டும் என்று இதற்குப் பொருள். இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி பொறியியல் குறைபாடல்ல. ஆற்றலை மின்சாரத்திலிருந்து வாயுவுக்கும் வாயுவிலிருந்து மின்சாரத்துக்கும் இருமுறை உருமாற்றுவதன் விளைவு.

அர்வைன் எடுத்த முடிவு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் இந்தத் துறையில் சாதாரண இடமல்ல. தேசிய எரிபொருள் மின்கல ஆய்வு மையம் 1998 முதல் அங்கே இயங்குகிறது. பொதுமக்களின் கார்களும் வந்து நிரப்பும் ஹைட்ரஜன் பம்பு அந்த வளாகத்திலேயே உண்டு. 2010களின் நடுப்பகுதியில், ‘ஆன்ட்ஈட்டர் எக்ஸ்பிரஸ்’ என்ற வளாகப் பேருந்துச் சேவையில் ஒரு ஹைட்ரஜன் பேருந்தும் சேர்ந்து மாணவர்களை ஏற்றிச் சென்றது. ஆய்வாளர், பம்பு, பேருந்து என்று எல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்த வளாகம் அது.

அதே வளாகம் தன் டீசல் பேருந்துகளை மொத்தமாக மாற்ற முடிவெடுத்தபோது தேர்ந்தெடுத்தது பேட்டரிப் பேருந்துகளை. பி.ஒய்.டி. நிறுவனத்தின் 20 மின்பேருந்துகள் 2018இல் அங்கே வந்து சேர்ந்தன.

இதை ஹைட்ரஜனின் தோல்வி என்று எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அர்வைனின் நிலைமைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: வளாகத்துக்கும் மாணவர் குடியிருப்புகளுக்கும் இடையே குறுகிய தடங்கள், இரவில் ஓய்வு, உறைபனி இல்லாத கடலோரத் தட்பவெப்பம். இரவெல்லாம் நிதானமாக மின்னேற்றிக்கொள்ள நேரமிருக்கும்போது பத்து நிமிடத்தில் நிரப்பும் வசதிக்கு அதிக மதிப்பில்லை. ஒரு பேருந்தின் நிரப்பல் ஐந்தாறு கார்களின் நிரப்பலுக்குச் சமம் என்பதால், இருபது பேருந்துக்குப் பம்பையே புதிதாகக் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட தடத்துக்கு பேட்டரியே சரியான விடை. எரிபொருள் மின்கலத்தை நாட்டிலேயே நன்கு அறிந்த வளாகங்களில் ஒன்று இந்த விடைக்கு வந்தது என்பது அந்த விடையின் மதிப்பைக் கூட்டுகிறது.

ஷாம்பேன்-அர்பானா காட்டும் வழி

இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சுமந்திருக்கும் இரட்டை நகரம் ஷாம்பேன்-அர்பானா. அங்கே ஊர்ப் பேருந்தும் வளாகப் பேருந்தும் வேறுவேறில்லை. ஒரே போக்குவரத்து நிறுவனம் இரண்டையும் நடத்துகிறது. மாணவர்கள் அடையாள அட்டையோடு ஏறிக்கொள்கிறார்கள். இந்த நிறுவனம் 2021இல் நியூ ஃப்ளையர் தயாரித்த இரண்டு ஹைட்ரஜன் பேருந்துகளை வாங்கியது. நடுவில் மடிந்து திரும்பும் 60 அடி நீளப் பேருந்துகள். அமெரிக்காவில் அந்த அளவில் அவையே முதலாவது.

கவனிக்க வேண்டியது, பேருந்தோடு சேர்த்து அவர்கள் கட்டியது எது என்பதை. தங்கள் இடத்திலேயே நீரை மின்பகுப்பு செய்து ஹைட்ரஜன் தயாரிக்கும் நிலையத்தையும், அதற்கு ஈடுகட்டும் சூரிய மின் அமைப்பையும் நிறுவினார்கள். லாரி இல்லை, தொலைதூர ஆலை இல்லை. இந்தப் பேருந்தின் எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு மாணவர் கேட்டால், கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டலாம்.

இங்கே நிலைமைகளும் வேறு. 60 அடிப் பேருந்துக்கு ஆற்றல் தேவை அதிகம். அதை பேட்டரியில் மட்டும் சுமப்பதென்றால் எடை பல டன் கூடும். இல்லினாயின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகுகீழே இறங்கும். நிமிடத்துக்கொருமுறை கதவு திறந்து மூடும் பேருந்தின் உட்புறத்தைச் சூடாக வைத்திருக்க பேட்டரியிலிருந்து பெரும்பங்கு போய்விடும். ஓடும் தூரம் சுருங்கும். எரிபொருள் மின்கலத்திலோ பாதி ஆற்றல் எப்படியும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. கோடையில் வீணாகும் அந்த வெப்பம் பனிக்காலத்தில் பயணிகளுக்குப் பயன்படுகிறது. நூறு அலகில் 30 என்ற கணக்கு அந்த மாதங்களில் சற்று மாறிவிடுகிறது.

இப்படியொரு ஏற்பாட்டை விரிவாக்கினால் எவ்வளவு வேண்டும்? 40 அடி நீளமுள்ள பத்துப் பேருந்துகள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 250 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். அதற்கு 13,000 கிலோவாட்-மணிக்கு மேல் மின்சாரம் தேவை. வினைக்கு மட்டும் 2,250 லிட்டர் தூய நீர் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவது இதற்கு மேல். நல்ல வெயிலடிக்கும் ஊரில் சுமார் மூன்று மெகாவாட் சூரியத் தகடுகள் இதற்குச் சரியாக இருக்கும். எட்டாத இலக்கல்ல. ஆனால் பேருந்து வாங்கும் நாளிலேயே நிலமும் நீரும் மின்இணைப்பும் சேர்த்துத் திட்டமிட்டால்தான் முடியும்.

நம் பக்கத்துப் பேருந்து

இந்தியாவில் இதேபோல் தன் எரிபொருளைத் தானே தயாரிக்கும் ஏற்பாடு ஒன்று லே நகரில் அமைந்திருக்கிறது. தேசிய அனல்மின் கழகமான என்.டி.பி.சி. அங்கே 1.7 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு ஹைட்ரஜன் நிலையம் ஒன்றைக் கட்டியது. அதற்கான ஐந்து பேருந்துகளைக் கொடுத்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட். முதல் பேருந்து 2023 ஆகஸ்டில் லே சென்று சேர்ந்தது.

3,500 மீட்டர் உயரத்தில் ஒரு எரிபொருள் மின்கலத்தை ஓட்டுவது எளிதல்ல. கலத்துக்குத் தேவையான ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே அளவு ஆக்சிஜனுக்குக் காற்றழுத்தி இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கலத்தின் சொந்தத் தேவைக்கு மின்சாரத்தை அதிகம் எடுப்பதே இந்தக் காற்றழுத்திதான். குளிரோ பூஜ்யத்துக்கு வெகுகீழே. அணைத்த கலத்துக்குள் ஒரு துளி நீர் தங்கினாலும் அது பனியாகி நுண்துளைகளைப் பிளக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் உள்ளே காற்றடித்து உலர்த்தியாக வேண்டும். அங்கே ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சமவெளியில் கிடைக்காத தரவு.

அந்தத் தரவைப் படித்துப் புரிந்துகொள்ள ஆட்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப மையம் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில்தான் இயங்குகிறது.

வாங்குவதற்கு முன்

எந்தப் பல்கலைக்கழகமும் ஹைட்ரஜன் பேருந்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால், விலைப்பட்டியலைக் கையிலெடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை சொல்ல வேண்டும். நம் தடத்தின் நீளமும் குளிரும் ஓய்வு நேரமும் பேட்டரியால் சமாளிக்க முடியாதவையா? ஹைட்ரஜன் எதிலிருந்து, எத்தனை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரப்போகிறது? பம்பு ஒரு வாரம் பழுதானால் மாணவர்களை எப்படி அழைத்துவருவோம்? பேருந்திலிருந்து கிடைக்கும் தரவை யார் படிப்பார்கள், யாருக்குத் திறந்து கொடுப்பார்கள்?

முதல் கேள்விக்கு ‘இல்லை, பேட்டரியே போதும்’ என்று விடை வந்தால் பேட்டரிப் பேருந்தை வாங்குவதுதான் அறிவியலுக்கு மரியாதை. அர்வைன் அதைத்தான் செய்தது. ‘ஆம்’ என்று வந்தால், இரண்டாம் கேள்விக்கு ஷாம்பேன்-அர்பானாவைப்போல் உள்ளூரிலேயே விடை தேட வேண்டும். நான்காம் கேள்விக்கு டெலவேர் சொன்ன விடை எல்லோருக்கும் பொருந்தும். அந்தக் குழு தன் பேருந்தை எப்படி ஓட்டியது, எதைப் பராமரித்தது என்பதையெல்லாம் ஆய்விதழ்களில் எழுதி வைத்தது. வளாகத்துக்கு வெளியே யாரும் ஏறாத ஒரு சிறிய பேருந்தின் அனுபவம் அதனால்தான் மற்ற ஊர்களுக்கும் பயன்பட்டது. பல்கலைக்கழகம் என்ற அமைப்பு ஒரு பேருந்து அணிக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அதைவிடப் பெரியது எதுவுமில்லை.